பின்பக்கப் பொத்தான்கள்

கணவர் இறந்ததற்கு அடுத்த குளிர்காலத்தில், மொன்றியலில் சினிமா உடுப்புகள் தைக்கும் இடமொன்றில் எனக்கு வேலை கிடைத்தது. படம் நூறு வருடத்துக்கு முந்தைய அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கதை. படப்பிடிப்பு இங்கே. லொங்குய்யிலிருந்து மெற்றோ ரயிலில் போய்வந்தேன். மகள் நாட்டின் மறுகரையில், வன்கூவரில் இருந்தாள். கூட வேலை செய்தவர்கள் தங்களுக்குள் பிரெஞ்சில் வேகமாகக் கதைத்துச் சிரிப்பார்கள். எனக்குக் காலையில் வணக்கமாக ஒரு போன்ஜூர், பின்னேரம் நன்றியாக ஒரு மெர்சி. சில நாள் வேறு பேச்சே இருக்காது.

என் பங்கு பள்ளிக்கூடப் பிள்ளைகளின் உடுப்பு. பழைய வகுப்புப் படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே இறுக்கிப் பூட்டும் காற்சட்டை, கறுத்த நீளக் காலுறை. பெண்பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை, அதன்மேல் வெள்ளை மேலங்கி. கம்பளியை அடிக்கடி தோய்க்க முடியாது, மேலங்கியைத் தோய்த்துவிடலாம். ஒரு சிறுமியின் சட்டை விளிம்புக்கு மேலே மங்கலாக இரண்டு கோடுகள் தெரிந்தன. அவள் வளர வளர மடிப்பை அவிழ்த்து இறக்கிய தடங்கள். அவையும் வேண்டும் என்றார் பொறுப்பாளர். ஆகவே புதுச் சட்டைகளில் மடிப்புத் தைத்து, இஸ்திரி போட்டு, திரும்பப் பிரித்தேன். யாரும் வளராமலே அந்தச் சட்டைகள் எல்லாம் இறங்கின.

உடுப்பு அளவு பார்க்கும் நாளில், வகுப்பில் உட்காரும் பிள்ளைகளாக நடிக்கச் சிலர் வந்தார்கள். அதில் ஒருத்தி, ஏழு வயதிருக்கும், மேலங்கியைப் போட்டுக்கொண்டு கையைப் பின்னால் வளைத்துப் பொத்தான்களைத் தேடினாள். எட்டவில்லை. முதலில் பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள்.

"அன்ரி, இதைத் தனியப் பூட்டேலாதோ?"

அந்த இடத்தில் தமிழ் கேட்டதும் கையிலிருந்த அளவுநாடாவை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினேன்.

"ஏலாது அம்மா. அந்தக் காலத்துப் பிள்ளையளின்ர சட்டைக்குப் பின்னுக்குத்தான் தெறி. ஆராவது பூட்டிவிடோணும்."

"ஆர் பூட்டுறது?"

"அம்மா, இல்லாட்டி அக்கா. வீட்டில நிக்கிற ஆராவது."

முதுகைக் காட்டிக்கொண்டு அசையாமல் நின்றாள். நான் பொத்தான்களை மெதுவாகவே பூட்டினேன்.

"உங்களுக்கு ஆர் பூட்டுறது?" என்றாள்.

"எனக்கு எல்லாம் முன்னுக்கு."

அது முழு உண்மையில்லை. என் பட்டுச் சேலைக்குப் பின்பக்கம் கொளுக்கி வைத்த சட்டை. கோயிலுக்கு வெளிக்கிடும்போதெல்லாம் கணவர்தான், "கண்ணாடியைக் கொண்டா, ஒண்டும் தெரியேல்லை," என்று முணுமுணுத்தபடி கொளுவிவிடுவார். அவருக்குப் பிறகு அந்தச் சேலையைக் கட்டவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. மகள் கேட்டபோது குளிரைச் சாட்டுச் சொன்னேன்.

வேலை முடிந்ததும் அந்தப் பிள்ளை தன் பனிக்கால அங்கிக்குள் நுழைந்து, கழுத்துவரை ஸிப்பைத் தானே இழுத்துக்கொண்டு, வாசலில் நின்ற தகப்பனிடம் ஓடினாள். "போட்டு வாறன் அன்ரி!"

அந்த ஞாயிறு சேலைச் சட்டையை எடுத்து முதுகை மூடித் தைத்தேன். முன்பக்கத்தை நடுவே வெட்டி, கொளுக்கிகளை அங்கே மாற்றினேன். வெட்டுவதற்கு முன் கத்தரிக்கோலைப் பலமுறை கீழே வைத்தேன்.

தைப்பொங்கலன்று அதைப் போட்டு, சேலையைக் கட்டிக்கொண்டு, புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் போனேன். தெரிந்த ஒரு பெண், "கனகாலம், எப்பிடி இருக்கிறியள்?" என்றார். "இருக்கிறன்," என்றேன். பூசை முடிய, என் பனிக்கால அங்கியின் பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.