யானை பிடுங்கிய வேலியும் ஆசீர்வாதம் உபதேசியாரும்

போடிச் சந்தையில் கருவாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் ஆசீர்வாதம் உபதேசியார் இறந்த செய்தி எனக்கு வந்தது. மலையிலிருந்து ஏலக்காய் மூட்டை சுமந்து வந்த கருப்பையா, மூட்டையைக்கூட இறக்காமல் சொன்னான். "அண்ணே, உங்க எதிராளி போயிட்டாரு. காய்ச்சல். எங்க பொதைக்கிறதுன்னு தெரியாம நிக்கிறாங்க. உங்கள வெரசாக் கூட்டியாரச் சொன்னாங்க."

கருவாட்டை அங்கேயே விட்டுவிட்டு மலையேறினேன். எதிராளிகள் என்றுதான் ஏலத்தோட்டம் முழுக்க எங்களைச் சொல்லும். நான் ரோமான் சபையின் உபதேசி, குருவானவர் வராத நாட்களில் செபம் நடத்துகிறவன். அவர் சீர்திருத்தச் சபையின் உபதேசி. அவரைப் புதைக்கும் இடத்தை அவருடைய ஆட்கள் என்னிடம் கேட்பானேன் என்று வெளியூர்க்காரர்கள் திகைக்கலாம். எந்த இடத்தைக் காட்டுவது என்று நானும் வழியெல்லாம் திகைத்துக்கொண்டுதான் போனேன். அவரோடு பழகிய தோட்டத்தாருக்கே இந்தக் கதை முழுவதும் தெரியாது. ஆகையால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டத்தில் இரண்டு சபைகளின் செபக் கொட்டகைகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஞாயிறு காலையில் நாங்கள் செபம் தொடங்கினால் அங்கே பாட்டுத் தொடங்கும். எங்கள் சத்தம் ஏறினால் அவர்கள் சத்தமும் ஏறும். நாங்கள் சர்வேசுரன் என்போம், அவர்கள் பராபரன் என்பார்கள். சாமிக்கென்ன காது மந்தமா என்று கங்காணி ஒருமுறை நடுவில் நின்று கேட்டுவிட்டுப் போனார். காய்ச்சலில் கிடப்பவன் வாசலுக்கு இருவரும் ஒரே நேரத்தில் போய் முறைத்துக்கொண்டு நின்றதும் உண்டு. எங்கள் குரு சுவாமியாரிடம் அவரைப் பற்றிப் பேசும்போது பதிதர், வேதம் பிறழ்ந்தவர் என்பேன். நேரில் பார்த்தால் தம்பி என்பேன். இரண்டும் மனதார வந்தவைதான்.

இறந்தவர்களுக்கென்று தோட்டத்துத் துரை ஒதுக்கியது ஒரே ஒரு சரிவு. கங்காணி அதன் நடுவே முள்வேலி கட்டி, தெற்கே எங்களுக்கு, வடக்கே அவர்களுக்கு என்று பிரித்துவிட்டார். ஓர் அடைமழைக் காலத்தில் யானைக் கூட்டம் அதன் வழியே இறங்கிப் போயிற்று. காலையில் போய்ப் பார்த்தால் வேலி இல்லை. மண்மேடுகள் இல்லை. சிலுவைகள் சேற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. மிச்சத்தை மழை வழித்துக்கொண்டு போயிருந்தது. ஆசீர்வாதம் சிலுவைகளைப் பொறுக்கத் தொடங்கினார். நம்முடையவற்றையாவது தனியே எடுத்து வைப்போம் என்று நானும் குனிந்தேன். எல்லாம் ஒரே காட்டு மரம், ஒரே நாரால் கட்டியவை, யார் பெயரும் இல்லை. எங்கள் சிலுவை வேறு மாதிரி இருக்கும் என்று அதுவரை எப்படி நினைத்திருந்தேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அடுத்து நடந்ததுதான் என்னைக் குழப்பத்தில் தள்ளியது. எங்கள் சபையைச் சேர்ந்த செவத்தியம்மாள் தோட்டவேலையை விட்டுக் கீழே சிலமலைக்கே போய்விடத் தீர்மானித்தாள். புருஷன் உடம்பு மலைக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இனி ஏறி வர மாட்டார்கள். இறங்குமுன், இங்கே புதைத்த தன் பிள்ளையின் குழியில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும் என்று வந்தாள். எந்த இடம் என்று என்னைக் கேட்டாள். நான் சரிவை மேலும் கீழும் பார்த்தேன். ஆசீர்வாதம் அந்த வழியாக வந்தவர், நேரே நடந்து போய் ஒரு நாவல் மரத்தடியில் நின்றார். "இங்கதான் ஆத்தா," என்றார்.

அவள் உட்கார்ந்து ஏற்றினாள். காற்று அணைத்தது. மறுபடி ஏற்றியபோது அவர் குனிந்து இரண்டு கையாலும் சுடரைப் பொத்திக்கொண்டார். இறந்தவர்களுக்கு விளக்கேற்றக் கூடாது என்று வாராவாரம் பிரசங்கம் செய்கிற மனிதர். அவள் அழுது முடித்து எழுந்திருக்கும்வரை கையை எடுக்கவில்லை. (செவத்தியம்மாளுக்கு வாசிக்கத் தெரியாது. இதை அவளுக்கு வாசித்துக் காட்ட நினைக்கிறவர்கள் தயவுசெய்து இந்த இடத்தோடு நிறுத்திவிடுங்கள்.)

அவள் போனதும், உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியாதுண்ணே. ஏதாவது ஒரு பிள்ளை அங்க இருக்கும்ல." விளக்கு உங்கள் சபையில் கூடாதே என்றேன். கூடாதுதான் என்று சொல்லிவிட்டுக் காலில் ஏறிய அட்டையை உதறினார். ஒருவர் காட்டியதை மற்றவர் மறுக்காததால் அன்றிலிருந்து, குழிகள் இருக்கும் இடம் உபதேசிமார் இருவருக்கும் தெரியும் என்று தோட்டம் நம்பிவிட்டது.

அவர் மனம் இளகிவிட்டது என்று எண்ணி, வரும் கிறிஸ்து பிறப்புக்கு ஒரே கொட்டகையில் கூடலாமா என்று கேட்டேன். பட்டென்று மறுத்தார். "தேவமாதாகிட்ட எனக்காக வேண்டிக்கன்னு நான் கேக்க மாட்டேன். நீங்க கேக்காம இருக்க மாட்டீங்க. பொய்யா ஒண்ணு சேர வேணாம்ணே." எனக்குக் கோபம் வந்தது. அழுகிற தாயிடம் பொய் சொல்லலாம், செபத்தில் மட்டும் கூடாதா என்று கேட்டேன். "சபை எதுக்கு? அழுகிறவங்க பக்கத்துல நிக்கத்தான். அது வரைக்கும் எனக்குத் தெரியும். அப்புறம் ஏன் ரெண்டு கொட்டகைன்னு கேட்டா, எனக்கும் வெளங்கலண்ணே." அவருக்கு விளங்கியிருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார். இப்போது கேட்க ஆளில்லை. அதுதான் எனக்குப் பெரிய துக்கம்.

நான் மேலே போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவருடைய சபையின் போதகர் ஐயர் மலைக்குக் கீழே இருந்தார். வந்து சேர நாளாகும். பாயில் சுற்றிய உடலைச் சரிவில் வைத்துக்கொண்டு, மண்வெட்டியோடு என் முகத்தையே பார்த்தார்கள். வேலி போன சரிவில் வடக்குப் பக்கம் எங்கிருந்து தொடங்குகிறது, எங்கள் ஆட்கள் எதுவரை கிடக்கிறார்கள், ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. அவருடைய மனைவி மட்டும் கேட்டார். "எங்க பக்கம் எதுண்ணே? அவரு அவுக ஆளுகளோட கெடக்கணும்."

நேரே நடந்து போய் நாவல் மரத்தடியில் நின்றேன். "இங்கதான் ஆத்தா," என்றேன். அவர் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையசைத்தார். உடனே தோண்டினார்கள். அவர்கள் பாடினார்கள்; எங்கள் ஆட்கள் சற்றுத் தள்ளி நின்று தங்கள் செபத்தைச் சொன்னார்கள். வழக்கம்போல் இரண்டும் ஒன்றையொன்று குழப்பின. எதைப் பின்பற்றுவது என்று தெரியாமல் நான் இரண்டிலும் பாதியைச் சொன்னேன்.

ஆசீர்வாதத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான்: இங்கதான். அது பொய்யா, விசுவாசமா என்று இன்னும் தெரியவில்லை. எனக்கும் அடிக்கடி குளிர் கண்டு உடம்பு நடுங்குகிறது. நான் போகும் நாளில் எங்கள் சுவாமியாரும் கீழேதான் இருப்பார். என் ஆட்கள் சரிவில் திகைத்து நிற்பார்கள். இதை வாசிக்கும் நீங்கள் எந்தச் சபையாராயிருந்தாலும் சரி, அப்போது பக்கத்தில் இருந்தால் நேரே நடந்து போய் நின்று, இடத்தைக் காட்டிவிடுங்கள்.