உண்டியலில் போட்டால் பி.பி. இறங்குமா?

வராத நோய்க்குக் காசு கேட்பதுதான் என் தொழில். மாரடைப்பைத் தடுக்கப் பாடுபடும் சின்ன அறக்கட்டளை ஒன்றுக்காகப் புதுச்சேரியில் பட்டறை பட்டறையாக ஏறி இறங்குகிறேன். நர்ஸ் செல்வி இலவசமாக பி.பி. பார்ப்பாள், நான் பக்கத்தில் உண்டியலோடு நிற்பேன். நன்கொடை கேட்டு நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஒருநாள் பத்தியம்

புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு கம்பெனிக்கு வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னது எங்கள் தப்பு. பரீட்சைக்கு வருவது போல எல்லாரும் தயாராகி வந்திருந்தார்கள். பேக்கிங்கில் வேலை செய்யும் அம்மா ஒருவர் முந்தின நாள் முழுக்க உப்பில்லாமல் சாப்பிட்டிருந்தார். அப்படியும் அளவு அதிகம். தினமும் உப்பைக் குறைக்க வேண்டும் என்று செல்வி சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா நீ, அதான் நேத்தே குறைச்சிட்டேனே!"

லாஸ்பேட்டையில் எல்லாரும் நலம்

உண்டியலை வாசலில் வைத்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. பி.பி. பார்க்கும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அளவு அதிகம் என்று கேட்டவரின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். நார்மல் என்று கேட்டவர் நன்றி சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்புவார். லாஸ்பேட்டை ஆபீஸ் ஒன்றில் அன்றைக்கு வரிசையாக நார்மல். உண்டியலை ஆட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. எனக்கு எரிச்சல் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. செல்வி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இவ்ளோ பேரு நல்லாருக்காங்க. நீங்க ஏங்க்கா எழவு வீட்டுல உக்காந்தாப்பல இருக்கீங்க?"

கலிவரதன் காணிக்கை

கலிவரதன் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் அப்பா அதே பட்டறையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து போய்ச் சேர்ந்தார். கலிவரதனுக்கும் பி.பி. எகிறியிருந்தது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுமாதம் அளவு இறங்கவில்லை. உண்டியலில் ஐநூறு போட்டார். அதற்கடுத்த மாதம் இன்னும் ஏறியிருந்தது, ஆயிரம் போட்டார். இரண்டு தடவையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றாவது தடவைதான் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கத் தோன்றியது.

"அதான் மாசாமாசம் இதுல போட்டுட்டு வர்றேனே மேடம், மாத்திரை வேற எதுக்கு?"

காலி அட்டை

இந்த மனிதரும் விழுந்தால் அதில் எனக்கும் பங்குண்டு. அன்றைக்கு அவர் இரண்டாயிரம் நீட்டினார். உண்டியலின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு, "முதல்ல காலி மாத்திரை அட்டையக் காட்டுங்க" என்றேன். இந்த வேலைக்கு வந்து பணம் வேண்டாம் என்றது அதுதான் முதல் தடவை. பணியாளர்கள் முன்னால் அவருக்கு அவமானமாகிவிட்டது. திரும்பிப் போய் லேத்தை ஓடவிட்டார்.

மறுமாதம் அந்தத் தெருவில் நுழையவே பயமாக இருந்தது. வாசலில் அவர் நிற்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. மூன்று காலி அட்டைகளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். செல்வி அளவு பார்த்தாள், நன்றாக இறங்கியிருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. அந்தச் சந்தோஷத்திலும் பழக்கதோஷத்தில் உண்டியலை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாத்திரைக்கே கேக்குதே மேடம், அப்புறம் காணிக்கை எதுக்கு?"

வேலையை ஒழுங்காகச் செய்தால் வசூல் படுத்துவிடும் என்பதை அறக்கட்டளைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.