இருக்கிற சிப்பும் வரப்போகிற சிப்பும்

எனக்கு ஒரு சக்களத்தி உண்டு. பெயர் யுவான் லெய். ஆண்பிள்ளை, ஹூனான் பக்கத்துக்காரன், முன்மண்டையில் வழுக்கை விழத் தொடங்கிவிட்டது, மென்றுகொண்டே பேசுவான். ஆனால் என் கணவன் லியாவ் குன் கண் விழித்ததும் முதலில் நினைப்பது அவனைத்தான். கைபேசியை எடுத்து, யுவான் லெய் புதிதாக ஏதாவது அறிவித்திருக்கிறானா என்று பார்த்த பிறகுதான் பல் தேய்ப்பான். நான் காய்ச்சலில் கிடந்த நாள்களிலும் இந்த முறை மாறியதில்லை.

குன் மெய்ஜோ மலைப்பக்கத்து ஹக்கா இனக் குடும்பத்தில் பிறந்தவன். ஷென்ஜென்னுக்கு வந்து, பாவான் வட்டாரத்தில் ஒரு தொழிற்சாலையில் மடிக்கணினி மதர்போர்டுகளைப் பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்தான். அதே மேசையின் எதிர்ப்பக்கம் யுவான் லெய். சரிசெய்த போர்டுகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை எனக்கு. அந்தத் தளத்தில் என்னைப் பார்ப்பதற்காகப் பல பேர் காரணமில்லாமல் நடந்து போவார்கள். குன் மட்டும் தலை நிமிர மாட்டான். எதிரே இருப்பவன் தன்னைவிட எத்தனை போர்டு கூடுதலாக முடித்திருக்கிறான் என்பதுதான் அவன் கவலை. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பிறகு மூன்று பேருமாக வேலையை விட்டு, சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு ஒரு முழுக் கணினி செய்தோம். மூடித் திறக்கும் திரை, கட்டை விரலால் தட்ட விசைகள். அது சந்தையில் நன்றாக ஓடியது. ஓடியதும் ஓர் உறையில் இரண்டு கத்தி இருக்க முடியாமல், யுவான் லெய் இரண்டு தெரு தள்ளித் தனிக் கம்பெனி வைத்தான். சண்டை எதுவும் இல்லை. சண்டை போட்டிருந்தால் பேச்சுவார்த்தையே இல்லாமல் நிம்மதியாக இருந்திருக்கலாம். நல்லபடியாகப் பிரிந்ததால் ஒவ்வொரு பண்டிகைக்கும் வாழ்த்து அனுப்ப வேண்டியிருந்தது.

போன வருஷம் எங்கள் அடுத்த கைக்கணினிக்குச் சிப் முடிவு செய்ய வேண்டிய நேரம் வந்தது. இந்தத் தொழிலில் மற்ற எல்லாமே சிப்புக்குப் பின்னால்தான். அது எவ்வளவு சுடும் என்று தெரிந்தால்தான் ஃபேன் எவ்வளவு பெரிது என்று தெரியும். ஃபேன் தெரிந்தால்தான் பேட்டரிக்கு எவ்வளவு இடம் மிஞ்சும் என்று தெரியும். அதெல்லாம் தெரிந்த பிறகுதான் மேல்கூட்டுக்கு எஃகில் அச்சு வெட்டலாம். அச்சு வெட்டிவிட்டால் கல்யாணம் ஆனது மாதிரிதான். பிடிக்கவில்லை என்று திரும்பி வர முடியாது.

கையில் கிடைப்பதாக ஒரு சிப் இருந்தது. வேகம் சுமாருக்கு மேல், குணம் தெரிந்தது, ஹுவாச்சியாங்பெய் சந்தையில் தரகு செய்யும் ஃபெங் அக்காவிடம் சரக்கும் இருந்தது. வரப்போவதாக இன்னொன்று இருந்தது. அதைச் செய்யும் கம்பெனி வரைபடம் போட்டுக் காட்டியிருந்தது. வேகம் அதிகம், விளையாட்டுகள் வழுக்கிக்கொண்டு ஓடுமாம், சூடு மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்குமாம். எப்போது வரும் என்று கேட்டால் புத்தாண்டு வசந்தப் பண்டிகைக்கு முன்னாலேயே வந்துவிடும் என்றார்கள். வந்துவிடும் என்று அவர்கள் சொல்லாத சிப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

குன் நன்றாகத்தான் யோசித்தான். அதைச் சொல்லாவிட்டால் பாவம். "இருக்கிறதையே எடுப்போம் வென்ஷியா. பண்டிகைக்கு முன்னாடி மெஷினை அனுப்பிட்டா, பசங்க கையில காசோட ஊருக்குப் போவாங்க, திரும்பியும் வருவாங்க" என்றான். எங்களிடம் வேலை செய்கிறவர்கள் பத்துப் பதினைந்து பேர். பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள், இங்கே வேலை இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த வாசலுக்குத் திரும்புவார்கள். இல்லையென்றால் அடுத்த வாசல். அடுத்த வாசல் யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. ஃபெங் அக்காவிடம் அந்தச் சிப்புகளை எங்களுக்காக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். அன்றைக்கு எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது.

காரியம் கெட்டது சாங்ஆனில். இந்த ஊர்க் கைக்கணினிக்காரர்கள் எல்லோருக்கும் அங்கே பாங் மேஸ்திரிதான் அச்சு வெட்டுகிறார். வெட்டி முடித்த அச்சுகளைத் தார்ப்பாய் போட்டு மூடி வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். அடுத்தவன் அச்சைப் பார்க்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். டீ குடிக்கிற சாக்கில் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதும் எழுதாத சட்டம்தான். மேஸ்திரி அந்த நேரம் பார்த்து வெந்நீர் எடுக்க உள்ளே போவார். கொஞ்சம் மெதுவாகவே திரும்பி வருவார்.

குன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தான். உப்பில் சுட்ட கோழி செய்திருந்தேன், அவன் ஊர்ப் பக்குவத்தில். சோற்றைத் தொடவில்லை.

"ரெண்டு ஃபேனு வெச்சிருக்கான்" என்றான்.

"யாரு?"

"யாருன்னு கேக்குற பாரு. காத்து போற ஓட்டை இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. ஒவ்வொண்ணும் விரல் நுழையுற அகலம். பழைய சிப்புக்கு எவனாவது ரெண்டு ஃபேன் வெப்பானா? அவன் புதுசைப் புடிச்சுட்டான். எங்கேயோ ஆளைப் புடிச்சுட்டான்."

"புடிச்சா புடிச்சுட்டுப் போறான். நம்ம மெஷின் முன்னாடி வரப்போகுது. நீ சாப்பிடு."

"முன்னாடி வந்து? நான் பழசை வித்துட்டு உக்காந்திருப்பேன், அவன் ரெண்டு மாசத்துல புதுசோட வந்து நிப்பான். ஊரே கைகொட்டிச் சிரிக்கும்."

"ஊருக்கு வேற வேலை இல்ல பாரு. இருக்கிறதை விட்டுட்டுப் பறக்குறதைப் புடிக்காத குன்."

"உனக்குப் புரியாது. எதிர் மேசையில அவன் உக்காந்து நீ வேலை பாத்ததில்ல."

அதுதான் என் நெஞ்சில் குத்தியது. அதே தளத்தில் நானும்தான் இருந்தேன். அவன் நினைவில் அந்தத் தளத்தில் இரண்டே ஆள்கள்தான்.

மறுநாள் ஃபெங் அக்காவுக்குப் போன் செய்து, எடுத்து வைத்தது வேண்டாம் என்றான். "நல்லா யோசிச்சியா தம்பி? நீ விட்டா அஞ்சு நிமிஷத்துல வேற கை மாறும்" என்றாள் அவள். "மாறட்டும் அக்கா" என்றான். பாங் மேஸ்திரியிடம் போய், அவன் பார்த்த அதே அகலத்தில், அதே இரண்டு பக்கமும், இரண்டு ஃபேனுக்கு இடம் விட்டு அச்சு வெட்டச் சொன்னான். மேஸ்திரி தலையாட்டிவிட்டு வெந்நீர் எடுக்கப் போய்விட்டார். வாடிக்கையாளர் குழுவில் நானே என் கையால், 'புதிய சிப்புடன் வருகிறோம்' என்று எழுதிப் போட்டேன். பதிலுக்குக் கட்டைவிரல் படங்களாகக் குவிந்தது. குன் அதையெல்லாம் விட்டுவிட்டு, யுவான் லெய்யின் குழுவில் யாராவது இதைப் பற்றிப் பேசுகிறார்களா என்று தேடிக்கொண்டிருந்தான்.

புதுச் சிப்பில் சோதனைக்காகக் கைப்பிடி அளவு வந்தது. நன்றாகத்தான் ஓடியது. பொய் சொல்ல மாட்டேன், அது பிரமாதமான சிப். அதற்குமேல் வரவில்லை. முதலில் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுப்பார்களாம், மிச்சம் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்காம். பண்டிகைக்கு முன் என்றது பண்டிகைக்குப் பின் என்று ஆனது. அச்சு தயார், திரை தயார், விசைகள் தயார், நடுவில் வைக்க மூளை இல்லை. பையன்கள் வேலை இல்லாமல் விசைகளை எண்ணெய்த்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இருவர் அடுத்த மாதத்துக்கு வேறு இடம் பார்ப்பதாகக் காதில் விழுந்தது.

அந்த நேரத்தில் யுவான் லெய்யின் மெஷின் வந்தது. என் பெயரில் ஒன்று வாங்கச் சொன்னான் குன். வந்த பெட்டியை, கெட்ட சேதி உள்ள தந்தியைப் பிரிப்பது போலப் பிரித்தான். திருகுகளைக் கழற்றினான். சிப்பை மூடியிருந்த செப்புத் தகட்டைத் தூக்கினான். அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே இருந்தது பழைய சிப்.

இரண்டு ஃபேன்கள் மெதுவாகச் சுற்றி, சத்தமே இல்லாமல், கை சுடாமல் மெஷின் ஓடியது. குழுக்களில் எல்லாம் அதே பேச்சு. 'தூங்குகிற குழந்தை பக்கத்தில் வைத்துக்கூட விளையாடலாம்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள். அதைக் குன் திரும்பத் திரும்பப் படித்தான். எங்கிருந்து இவனுக்கு இவ்வளவு சரக்கு என்று ஃபெங் அக்காவைக் கேட்டான். "தன்னோடதை முதல்லயே எடுத்துட்டான். நீ விட்டதையும் மிச்சம் வைக்காம அள்ளிக்கிட்டான்" என்றாள். வயிற்றெரிச்சல் என்று சும்மா சொல்வார்கள் என நினைத்திருந்தேன். உண்மையிலேயே அவனுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

பண்டிகைக்குக் கொஞ்ச நாள் முன்பு யுவான் லெய்யே வந்தான். கையில் ஒரு கூடை ஆரஞ்சு. டீ ஊற்றினேன். பழத்தை உரித்து வாயில் போட்டு மென்றபடியே பேச ஆரம்பித்தான்.

"குன் அண்ணே, ஒரு விஷயம் கேக்கணும். நீங்க ஏன் அந்தச் சிப்பை விட்டீங்க?"

நான்தான் கேட்டேன். "நீ ஏன் அதை எடுத்த?"

"அண்ணன் எடுத்திருக்காருன்னு ஃபெங் அக்கா சொன்னாங்க. சிப்பு விஷயத்துல அண்ணன் கணக்கு தப்பாது. சரி, கண்ண மூடிக்கிட்டு நானும் அதையே எடுத்தேன்."

"அப்புறம் எதுக்குடா ரெண்டு ஃபேனு?" குன்னின் குரல் கீச்சென்று வந்தது.

யுவான் லெய் முதல்முறையாக வாயை மூடி மென்றான். "ரெண்டு பேருகிட்டயும் ஒரே சிப்பு. விசை தட்டுற சுகம் உங்களுது மாதிரி எனக்கு வராதுண்ணே, ஏழு சென்மம் எடுத்தாலும் வராது. வேற எதுலயாவது உங்கள ஜெயிக்கணுமே. நீங்க ஒண்ணு வைப்பீங்க, நாம ரெண்டு வைப்போம்னு வெச்சேன். பொறாமைதான். வேறென்ன."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. இவன் பொறாமையில் ஒரு ஃபேன் கூட்டினான். என் கணவன் பொறாமையில் சிப்பையே விட்டான்.

யுவான் லெய் போகும்போது சொன்னான். தன்னிடம் சிப் பொருத்திய போர்டுகள் மிச்சம் இருக்கின்றன, வேண்டுமானால் தருகிறேன் என்று. அவனுடையதும் எங்களுடையதும் பழைய ஒரே வரைபடத்திலிருந்து பிறந்தவை, திருகு ஓட்டைகூட மாறாது. இப்போது எங்களிடமும் இரண்டு ஃபேனுக்கு இடம் இருக்கிறது. உடனே பொருத்தி அனுப்பினால் பண்டிகைக்கு முன் மெஷின் போய்விடும். "யோசிச்சுச் சொல்லுங்கண்ணே" என்று படி இறங்கினான்.

கதவைச் சாத்தியதும் குன் சொன்னான். "அவன் போர்டு வேணாம். புதுச் சிப்பு வரட்டும்."

"பசங்க?"

"வரட்டும்னா வரட்டும்."

நான் அவன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. உனக்கு நம்ம மெஷின் வெளிய வரணுமா, யுவான் லெய் தோக்கணுமா? ரெண்டுல ஒண்ணுதான்."

யோசித்தான். டீ ஆறியது. கீழே லாரி ஒன்று சரக்கு ஏற்றிக்கொண்டு போனது. என்னைக் கல்யாணம் செய்துகொள்கிறாயா என்று நான் கேட்டபோது இவன் இதில் கால்வாசி நேரம்கூட யோசித்ததில்லை. சரி என்று சொல்லிவிட்டு, போர்டில் ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கோலைத் திரும்பக் கையில் எடுத்தான். ஒரு வழுக்கைத்தலையனுக்காக இவ்வளவு நேரமா என்று என் உடம்பெல்லாம் எரிந்தது.

"அவன் தோக்கணும்" என்றான் கடைசியில். பொய் சொல்லத் தெரியாதவன்.

எழுந்து போய் யுவான் லெய்யைப் போனில் கூப்பிட்டேன். "போர்டை எல்லாம் நாளைக்கே அனுப்பு."

"அண்ணன் சரின்னாரா?"

"நான் சொல்றேன்ல, அனுப்பு."

அவன் உற்சாகத்தில் கத்தினான். இரண்டு பேர் மெஷினும் ஒரே நேரத்தில் ஓடட்டும், எது ஜெயிக்கிறது பார்க்கலாம் என்றான். சின்னப் பையன் போலச் சிரித்தான். போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். குன் சுவரைப் பார்த்தபடி மெல்லக் கேட்டான்.

"என்ன சொன்னான்? சந்தோஷமா இருந்தானா?"

"எங்க? லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டே இருந்தான். நெஞ்சுச் சளி போல."

அன்றைக்கு ஒரு கிண்ணம் சோறு கூடுதலாகச் சாப்பிட்டான்.