இம்மாகுலேற் கிரேக்கம் பார்த்த கதை

பிரெஞ்சுத் தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் இம்மாகுலேற்றைத் தெரியாத தமிழர் இல்லை. அங்கே ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக்கடையில் வேலை. கோடை வந்தால் லூர்து மாதாவிடம் பஸ் கொண்டுபோவது அவள் பொறுப்பு. மன்னார்க் கத்தோலிக்கர், யாழ்ப்பாணத்துச் சைவர் என்ற பேதமில்லாமல் பஸ் நிறையும். வழி காட்டுவது, மொழிபெயர்ப்பது, தொலைந்தவரைத் தேடுவது, வாந்தி எடுத்தவருக்குத் தேசிக்காய் கொடுப்பது எல்லாம் அவள்தான். எந்தப் பயணத்திலும் எதையும் நின்று நிதானமாகப் பார்த்தவள் இல்லை.

பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படித்த நாளிலிருந்தே அவளுக்குக் கிரேக்கத்தின் மேல் ஒரு பைத்தியம். அந்தத் தூண்களுக்கு நடுவே நின்று, விஷயம் தெரிந்த ஒருவர் சொல்லச் சொல்ல, வாயை மூடிக்கொண்டு கடைசிவரை கேட்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். தனியாகப் போயிருக்கலாம். "எங்களை விட்டிட்டோ போறாய்?" என்று லூர்து பஸ்ஸில் தவறாமல் வரும் கோசலை அக்கா மூக்கைச் சிந்தியதில் ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. பிரெஞ்சு பேசும் வழிகாட்டிப் பெண் ஒருத்தியை ஒழுங்குபண்ணிவிட்டு, விமானம் ஏறுமுன்பே எல்லாருக்கும் கண்டிப்பாகச் சொன்னாள்.

"உங்கள் எல்லாருக்கும் பிரெஞ்சு விளங்கும். அங்கை நானும் உங்களைப்போலை ஒரு ஆள். என்னை ஒண்டும் கேக்கக்கூடாது."

"ஓம், ஓம்" என்றார்கள். எப்போதும் அப்படித்தான் சொல்வார்கள்.

மலை ஏறி, இடிந்த கோயிலின் முன்னால் வந்து நின்றார்கள். வழிகாட்டி கோயிலை இடக்கைப் பக்கம் விட்டுச் சுற்றி நடக்கத் தொடங்கினாள். பின்னால் ஒருவரும் அசையவில்லை.

"பிள்ளை, இந்த மனுசி எங்களை அப்பிரதட்சணமாச் சுத்தவைக்கிறா" என்றார் பலசரக்குக்கடை குகதாசன்.

"அண்ணை, உள்ளுக்கை சாமியே இல்லை. வெறும் கல்லு."

"சாமி இருந்த இடந்தானே? மாறிச் சுத்திப்போட்டு வீட்டிலை ஏதும் நடந்தால் நீயோ பொறுப்பு?"

சொல்லிவிட்டுச் சப்பாத்தைக் கழற்றினார். கோசலை அக்கா கழற்றினாள். எல்லாரும் கழற்றினார்கள். கோயிலை வலக்கைப் பக்கம் வைத்து வரிசையாக நடந்தார்கள். நாள் தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகும் மேரிறோஸும் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் போனாள்.

"நீ ஏனடி போறாய்?"

"எல்லாரும் போகேக்கை நான் என்னெண்டு நிக்கிறது?"

இம்மாகுலேற்றுக்குப் பொறுமை அறுந்தது. "போங்கோ! எங்கையெண்டாலும் போய்த் துலையுங்கோ!" என்று கத்தினாள். பிறகு திரும்பி, "நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்" என்று வழிகாட்டியிடம் பிரெஞ்சில் சொன்னாள்.

வழிகாட்டி கூட்டிப்போன பக்கம் நல்ல நிழல். காற்றும் வந்தது. வழிகாட்டி அவள் ஒருத்திக்காக ஆற அமரக் கதை சொன்னாள்: எந்த மன்னன், எந்தப் போர், இந்தக் கல்லை எப்படி மலையேற்றினார்கள் என்று. இம்மாகுலேற் வாயை மூடித்தான் இருந்தாள். காதுதான் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. குகதாசனுக்குச் சீனி வருத்தம், சுடுகல்லில் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தால் ஆறாது. கோசலை அக்காவுக்குப் பிரஷர். மேரிறோஸ் தொப்பியும் கொண்டுவரவில்லை. அறுந்த சனம், வீட்டில் கிடந்திருக்கக்கூடாதா? மனதுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு நிமிர்ந்தபோது, வழிகாட்டி மன்னனைப் பற்றிச் சொல்கிறாளா சிற்பியைப் பற்றிச் சொல்கிறாளா என்றே தெரியவில்லை. அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

வழிகாட்டி பேச்சை நிறுத்தினாள். இவ்வளவு கவனமாகக் கேட்டவளுக்குக் கேட்க எவ்வளவோ இருக்கும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. "கேள்வி ஏதாவது இருக்கிறதா, மதாம்?" என்று அன்பாகக் கேட்டாள்.

"அவர்கள் போன பக்கத்தில் நிழல் இருக்கிறதா?" என்று கேட்டாள் இம்மாகுலேற்.