பாபிலோன் வாசலை நான் ஒட்டின சனிக்கிழமை

மகளுக்கு அப்ப எட்டு வயது. பள்ளிக்கூடத்தில பாபிலோன் நகரத்தைப் பற்றிப் படிப்பிச்சவை. ஒவ்வொருவரும் வீட்டில ஒரு மதிலும் வாசலும் செய்து திங்கட்கிழமை கொண்டு வரவேணும், பிள்ளையளே செய்யவேணும், நல்லாச் செய்ததுக்குப் பரிசும் உண்டு எண்டு கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை நானும் வாசிச்சனான். வாசிக்கேல்லை எண்டு சொல்ல ஏலாது.

அவள் கோர்ன்பிளேக்ஸ் பெட்டியளை வெட்டி மதில் கட்டினாள். ஒண்டில்லை, ரெண்டு. பாபிலோனுக்கு உள்மதில், வெளிமதில் எண்டு இருந்ததாம். வாசலுக்கு நீலம் அடிச்சு அதில மஞ்சள் எருதுகள் கீறினாள். எருதெல்லாம் சிரிச்சுக்கொண்டு நிண்டுது. கதவு ரெண்டிலயும் நூல் கட்டி, இழுத்தால் திறக்கிற மாதிரியும் செய்திருந்தாள். ஆனா மதில் ஒரு பக்கம் சரிஞ்சு கிடந்தது. நாங்கள் இருக்கிற ரெய்னர்ஸ் லேனில எங்கட தெருவில மட்டும் அவளின்ர வகுப்புப் பிள்ளையள் மூண்டு பேர், எல்லாம் தமிழ். அந்தத் தாய்மார் சும்மா இருப்பினமோ? நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ?

சனிக்கிழமை அவளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில இறக்கிவிட்டிட்டு வந்து கத்தியை எடுத்தன். தடிச்ச மட்டையில மதில் நேரா எழும்பினது. நீல ஓடுகளை பிரிண்ட் எடுத்து வாசல் முழுக்க ஒட்டினன். எருதும் ட்ராகனும் வரிசை பிசகாமல் நிண்டுது. கதவு ஆடாமல் இருக்க நல்ல பசையாப் பார்த்து இறுக்கி ஒட்டினன். அவள் செய்ததை மடிச்சு ரீசைக்கிளிங் குப்பைத் தொட்டிக்குள்ள போட்டன். அப்ப எனக்குப் பெருமைதான், வேறை ஒண்டும் இல்லை.

அவள் வந்து மேசையைச் சுத்திப் பார்த்தாள்.

"வடிவா இருக்கு அம்மா" எண்டாள். பிறகு ஒரு விரலால கதவைத் தள்ளினாள். "இது திறக்காதோ?"

"திறந்தால் பிஞ்சு போகும் பிள்ளை. பார்க்கத்தானே."

அவள் அழேல்லை. அழுதிருந்தால் குப்பைத் தொட்டிக்குள்ள கையை விட்டு எடுத்துக் குடுத்திருப்பன் எண்டு இப்ப எனக்கு நானே சொல்லிக்கொள்ளுறன். குடுத்திருக்க மாட்டன்.

மிச்சத்தைச் சொல்ல வெக்கமாக் கிடக்கு. நான் செய்ததுக்கு முதலாம் பரிசு கிடைச்சது. பெற்றோரைக் கூப்பிடுற பேரண்ட்ஸ் ஈவினிங்குக்குப் போனால், எங்கட வாசலைத்தான் நடு மேசையில வைச்சிருக்கினம். டீச்சர் குனிஞ்சு மகளிட்டை, "இதெல்லாம் நீயே செய்தனியோ?" எண்டு இங்கிலீஷில கேட்டா.

அவள் டீச்சரைப் பார்க்கேல்லை. என்னைத்தான் பார்த்தாள். உண்மையைச் சொல்லு பிள்ளை எண்டு ஒரு சொல்லு சொல்லியிருக்கலாம். நான் சிரிச்சுக்கொண்டு இருந்தன்.

"ஓம், நானே செய்தனான்" எண்டு அவளும் இங்கிலீஷில சொன்னாள். அதுவரைக்கும் அந்தப் பிள்ளை பொய் சொல்லி நான் கேட்டதில்லை.

காரில பெல்ட்டைப் போடேக்க மெல்லமாக் கேட்டாள்.

"அம்மா, நான் சரியாச் சொன்னனானோ?"

"ஓம், கெட்டிக்காரி" எண்டு சொல்லிப்போட்டு காரை எடுத்தன்.