சாம்பல் புதன் அன்று மிஞ்சிய கறி

எங்கள் வீட்டில் எதுவும் மிஞ்சியதாக நான் பார்த்ததே கிடையாது. மிஞ்சத்தான் செய்திருக்கும். ஆனால் மிஞ்சியது என்று கண்டுபிடிக்க அம்மா விட்டால்தானே! காலையில் மீந்த இட்லி சாயங்காலம் கடுகு, கறிவேப்பிலை தாளித்து உப்புமாவாக வரும். ராத்திரிச் சப்பாத்தி மறுநாள் முட்டையோடு பிய்த்துப் போட்டு என் டிபன் பாக்ஸில் ஏறிவிடும். மீந்த சோற்றை மிளகாய், சீரகம் சேர்த்து அரைத்து மொட்டைமாடியில் கிள்ளி வைத்தால் வத்தல். இரண்டு நாள் குழம்புகள் ஒரே சட்டியில் சுண்டிக் கறுத்து, முதல் நாள் ருசியைவிட நன்றாக இருந்து தொலைக்கும். அரிசி அளக்கும்போதே யாருக்குப் பசி, யாருக்கு வயிறு சரியில்லை என்றெல்லாம் பார்த்துத்தான் அம்மா படியைச் சாய்ப்பாள். அப்பேர்ப்பட்டவள் கையில் ஒரு சட்டி ஆட்டுக்கறி மிஞ்சியது. அதுவும் எந்த நாளில்? சாம்பல் புதன்கிழமை!

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல்லில் நாங்கள் இருந்த தெரு முழுக்க வேதக்காரர் வீடுகள். ஈஸ்டருக்கு முன்னால் நாற்பது நாள் தவக்காலம். மற்ற வீடுகளில் அது தொடங்கும் புதன்கிழமையிலும் வெள்ளிக்கிழமைகளிலும் மட்டும் கறி கிடையாது என்றால், எங்கள் வீட்டில் அத்தை இருந்ததால் நாற்பது நாளும் கிடையாது. அத்தை அப்பாவுக்கு அக்கா. டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கல்யாணமும் கட்டிக்கொள்ளாமல், எங்கள் மூன்று பேருக்கும் ஹெட்மிஸ்ட்ரஸாக இருந்தார். தவக்காலம் தொடங்கும் புதன்கிழமை காலைப் பூசையில் சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போடுவார். அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை இரவோடு வீட்டிலுள்ள கறி, மீன், முட்டை அத்தனையையும் தின்று தீர்த்துவிட வேண்டும். அந்த ராத்திரிக்காக நான் ஒரு வாரமாகவே வயிற்றைத் தயார் செய்துகொண்டிருப்பேன்.

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த வருஷம், அம்மா வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கறி வாங்கச் சொல்லியிருந்தாள். அப்பாவும் மறுபேச்சில்லாமல் வாங்கி வந்துவிட்டார். நாலு பேரும் மூச்சு முட்டத் தின்றோம். விடிந்து பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு திரும்பினால், அடுப்படியில் மூடி வைத்த சட்டி. அத்தை மூடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இது என்னது?"

"கறி, மதினி. மிஞ்சிருச்சு" என்றாள் அம்மா.

"மிஞ்சிருச்சா? இத்தன வருசமா ஒரு பருக்கை மிஞ்சல. இன்னைக்குப் பாத்து மிஞ்சுதாக்கும்! அளவு தெரியாதா ஒனக்கு?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இப்படிப்பட்ட நேரத்தில் அவருக்கு எப்போதும் அவசர வேலை வந்துவிடும்.

ஈஸ்டர் வரை பிரீசரில் வைக்கலாம் என்று நான் யோசனை சொன்னேன். அத்தை முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டேன். அது மின்வெட்டுக் காலம். பிரிட்ஜில் துணி மடித்து வைக்கலாமே தவிர வேறு ஒன்றுக்கும் ஆகாது. கொட்டிவிடலாமா என்றால், சோற்றைக் கொட்டுவது தவக்காலத்தில் கறி தின்பதைவிடப் பெரிய பாவம் என்பது அத்தையின் சட்டம். அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம் என்றால் எல்லார் நெற்றியிலும் சாம்பல்.

"தெருமுனையில பூ விக்கிற அக்காவுக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டேன்.

"அவங்க கவுச்சி தொட மாட்டாங்க" என்றாள் அம்மா.

கருவாடு இல்லாவிட்டால் தனக்குச் சோறே இறங்காது என்று அந்த அக்கா சொல்லி நானே கேட்டிருக்கிறேன். இருந்தாலும் அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

"மத்தியானம் கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள இந்தச் சட்டி கழுவிக் கவுத்திருக்கணும். எங்க கொண்டு போயிக் குடுப்பியோ எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு அத்தை செபமாலையோடு உட்கார்ந்துவிட்டார்.

அம்மா கறியை மறுபடி கொதிக்கவிட்டுத் தூக்குவாளியில் ஊற்றி, மூடியைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஸ்கூலுக்குப் போக வேணாம். எங்கூட வா" என்றாள். காய்ச்சல் அடித்தாலே மாத்திரையைக் கொடுத்து அனுப்புகிறவள்!

சாணார்பட்டி பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். வாளி என் இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் மூடி வழியாக வாசம் கிளம்பியது. முன் சீட்டில் இருந்த ஒரு பொம்பளை திரும்பிப் பார்த்தாள். அவள் நெற்றியிலும் சாம்பல் சிலுவை! வாளியையும், என் நெற்றியையும், அம்மா நெற்றியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கலிகாலம்" என்று முனகியபடி சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. கறியைப் பறிகொடுக்கப் போகும் துக்கம் ஒரு பக்கம், கறி தின்றவள் என்ற கெட்ட பெயர் இன்னொரு பக்கம். அம்மா எதையும் கவனிக்கவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. யார் வீட்டுக்குப் போகிறோம் என்று இரண்டு தடவை கேட்டதற்கும், வாளி சாயாமல் பார்த்துக்கொள் என்றாள்.

இறங்கி, மல்லிகைத் தோட்டத்து வரப்பில் நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. ஒரு நாய் வாளியை மோப்பம் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தது. தோட்டத்தின் கடைசியில் ஒரு வீடு, வாசலில் வேப்பமரம். மரத்துக்கு இந்தப் பக்கமே அம்மா நின்றுவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அண்ணே" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எனக்கு ஒரு மாமா இருக்கிறார், அவரைப் பற்றி எங்கள் வீட்டில் பேசக் கூடாது என்பது எனக்குத் தெரியும். அம்மா இந்து வீட்டுப் பெண். அப்பாவைக் கட்டிக்கொள்வதற்காக வேதத்தில் சேர்ந்தவள். அன்றோடு மாமா பேச்சை நிறுத்திவிட்டார். நான் பிறந்த சேதியைச் சொல்ல, அத்தை கற்கண்டுத் தட்டோடு இதே வாசலுக்கு வந்திருக்கிறார். மாமா அவரை வெயிலில் நிற்கவைத்து, ஒரு வார்த்தை பேசாமல் கதவைச் சாத்திவிட்டார். "அந்த வீட்டுப் படிய நம்ம வீட்டு ஆளு யாரும் மிதிக்கக் கூடாது" என்று அத்தை அன்றைக்குப் போட்ட சட்டம் அது. இப்போது நாங்கள் அதே வாசலில், கையில் வாளியோடு நிற்கிறோம்.

"அம்மா, அத்தைக்குத் தெரிஞ்சா கொன்னுருவாங்க. வா, போயிருவோம்" என்று சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"படியேறலயே. சும்மா இரு" என்றாள்.

மாமி வெளியே வந்து எங்களைப் பார்த்ததும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். பின்னாலேயே மண்வெட்டியோடு மாமா வந்தார். கறுத்து நெடுநெடுவென்று இருந்தார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை. அவர் அம்மாவைப் பார்த்தது யாரோ வழி தவறி வந்தவளைப் பார்ப்பது போல இருந்தது.

"என்ன வேணும்?"

"கறி மிஞ்சிருச்சுண்ணே. இன்னைலருந்து எங்களுக்கு ஆகாது. கொட்ட மனசு வரல."

"திண்டுக்கல்லு பூராவும் ஒனக்கு வேற ஆளு கெடைக்கலயா?"

"கெடைக்கல" என்றாள் அம்மா.

நாய் வாளியைச் சுற்றி வந்தது. மாமா மண்வெட்டியை ஓங்கிவிடுவாரோ என்று பயந்து நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போனேன். மாமிதான் குனிந்து என் நெற்றியைப் பார்த்தாள்.

"ஏன் தாயீ, ஒங்க சாமிக்கும் துன்னூறுதானா?"

பயத்தையும் மீறி எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இது துன்னூறு இல்ல. போன வருசத்துக் குருத்தோலைய எரிச்ச சாம்பலு" என்று மறைக்கல்வி வகுப்பில் ஒப்பிப்பது போல ஒப்பித்தேன். மாமி சிரித்துவிட்டாள். "பாத்தீகளா, அச்சு அசல் ஒங்க தங்கச்சி வாயி!" என்று சொல்லிக்கொண்டே அம்மா கையிலிருந்து வாளியை வாங்கினாள். அம்மாவின் விரல்கள் அதை உடனே விடவில்லை.

மாமா மரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தார். மாமி அவருக்கு ஒரு கும்பாவில் பழைய சோறு கொண்டு வந்து வைத்து, பக்கத்தில் தட்டில் கறியைப் போட்டாள். அவர் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பள்ளிக்கூடத்தில் பரீட்சை முடிவு வாசிக்கும்போதுகூட அம்மா அப்படி யார் வாயையும் பார்த்து நான் கண்டதில்லை.

"இன்னமும் மல்லி கூடத்தான் போடுற" என்றார்.

அம்மா முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்குள் அவர், "ஒக்காந்து சாப்புடு" என்றார்.

"எனக்கு இன்னைக்கு ஒருசந்திண்ணே. விரதம்."

அவர் கை கும்பாவில் அப்படியே நின்றது. "ஓகோ! ஒங்க வீட்டுல ஆகாதத எங்களுக்குக் கொண்டாந்து போடுவ. எங்க வீட்டுல கை நனைக்க மட்டும் மாட்ட. அப்புடித்தான?"

தட்டைத் தள்ளிவிட்டார். மாமி முகம் செத்துப்போனது. போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கே தெரிந்தது. அம்மா அவர் காலடியில், மண்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஒருசந்தியில ஒரு நேரம் சாப்புடலாம்ணே. அந்த ஒரு நேரத்த இங்கயே சாப்புட்டுக்கறேன். கறி மட்டும் வேணாம். அந்தப் பழையதுல கொஞ்சம் போடச் சொல்லு."

மாமி ஓடிப்போய் எங்கள் இருவருக்கும் பழைய சோறும் சின்ன வெங்காயமும் கொண்டு வந்தாள். எனக்கு ஒரு துண்டு கறி வைக்கவா என்றாள். "எனக்கும் ஒருசந்தி" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, அடுத்த நொடியே வருத்தப்பட்டேன். அம்மா கவளம் கவளமாக விழுங்கினாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று ஊற்றியது. "வெங்காயம் நெடி" என்றாள். "அம்மா வெங்காயத்துக்கெல்லாம் அழ மாட்டாங்களே" என்று நான் மாமாவிடம் சொன்னேன். அவர் தட்டை இழுத்துக் கறியை வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவப் போனவர் வெகு நேரம் திரும்பி வரவில்லை.

கிளம்பும்போது மாமி வாளியைக் கழுவி, வெறுமனே தரக் கூடாது என்று பச்சை மொச்சையை நிரப்பி, மேலே இலையில் சுற்றிய மல்லிகைப் பூவை வைத்தாள். மாமா நாயைப் பார்த்துக்கொண்டு, "இந்தச் சாம்ப நாளு வருசா வருசம் வருமா?" என்று கேட்டார்.

"வரும்ணே."

"ம்" என்றார்.

வீட்டுக்குள் நுழையவும் கோயில் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. அத்தை வாளியைத் திறந்து மொச்சையைப் பார்த்தார், பூவைப் பார்த்தார். "எனக்குப் பசிக்கல" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குள் போய்விட்டாள். அத்தை என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "படியேறுனீங்களா?"

"இல்ல அத்தை. மரத்தடியிலதான் உக்காந்திருந்தோம்" என்று உளறினேன். எந்த வீட்டுப் படி என்று அவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை. அவர் பூவை எடுத்துப்போய் மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, மொச்சையை உரிக்க உட்கார்ந்தார். அடி விழாததே போதும் என்று நான் ஓடிவிட்டேன்.

அடுத்த வருஷம் அதே செவ்வாய்க்கிழமை அப்பா பையை எடுத்துக்கொண்டு கறிக்கடைக்குக் கிளம்பினார். அம்மா வாயே திறக்கவில்லை. செபமாலை உருட்டிக்கொண்டிருந்த அத்தைதான் தலையைத் தூக்காமல், "போன வருசத்தவிட ஒரு கிலோ கூடப் போடச் சொல்லு. பத்தாமப் போயிரப் போகுது" என்றார். நாலு பேர் வீட்டுக்கு! நாற்பது நாள் கறி கிடைக்காது என்பதில் அத்தைக்கும் என்னைப் போலவே இவ்வளவு ஏக்கம் இருந்திருக்கிறதே, பாவம், இத்தனை நாள் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. அன்று இரவு சாப்பிடும்போது, எனக்கென்று அம்மா எடுத்து வைத்திருந்த நல்லி எலும்பை, யாரும் பார்க்காத நேரத்தில் அத்தையின் தட்டில் வைத்தேன்.