தேசோ ஒளித்து வைத்த கடிவாளம்

ஜெய்மல் சிங் வீடு திரும்பியபோது மனைவி தேசோவுக்கு முதலில் ஆளே தெரியவில்லை. சீக்கிய குருவோடு ஆனந்தபூர் கோட்டை முற்றுகையில் மாதக்கணக்காகக் கிடந்து, கடைசியில் மரப்பட்டையை இடித்துத் தின்ற உடம்பு. கூட நாற்பது பேர் வந்திருந்தார்கள். 'இனி நீங்கள் எங்களுக்குக் குரு இல்லை, நாங்கள் உங்களுக்குச் சீடர் இல்லை' என்று தாளில் எழுதிப் பெயர் போட்டுக் கொடுத்துவிட்டுக் கோட்டையை விட்டு இறங்கியவர்கள். தாள் கைமாறியபோது ஜெய்மல் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தான். அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்களே தவிர, அவன் பெயரை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

தேசோவுக்குப் போன உயிர் திரும்பியது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை வெளியே காட்டப் பயமாக இருந்தது. ஊர்ப் பெண்கள் திரும்பி வந்த புருஷன்மாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஹரோவின் புருஷனும் அந்த நாற்பதில் ஒருவன். ரொட்டியை அவன் கையில் கொடுக்கமாட்டாள். வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

கிணற்றடியில் தேசோவைப் பார்த்ததும் கேட்டாள்: "ஏண்டி, உன் வீட்டுக்காரருக்கு வளையல் அளவு எடுத்தாச்சா? எங்க வீட்டு ராசாவுக்குச் சிவப்புதான் எடுப்பா இருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். தேசோவும் சிரித்து வைத்தாள்.

கோதுமை அறுத்து முடிந்த வெயில் காலத்தில் சேதி வந்தது. குரு வறண்ட காட்டுப் பக்கம் போகிறார். மொகலாய நவாபின் படை துரத்துகிறது. மாயி பாகோ என்கிற பெண் ஆண் உடையில் குதிரையேறி, திரும்பி வந்தவர்களையெல்லாம் திரட்டுகிறாள்.

"நாளைக்கு விடிஞ்சதும் கிளம்புறோம்," என்றான் ஜெய்மல்.

"காய்ச்சல் விட்டு எத்தன நாளாச்சு?"

"நாலு மாசமாச்சு."

"இருமல் இருக்கே."

"தேசோ!"

அவன் குளிக்கப் போன நேரத்தில் குதிரையின் கடிவாளத்தை எடுத்து, தானியக் குதிருக்குள் முழங்கை ஆழத்துக்குப் புதைத்தாள்.

காலையில் அவன் தேடினான். அவளும் கூடவே தேடினாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், வைக்கோலை உதறினாள். அவன் முகத்தைப் பார்க்காமல் எதையாவது தூக்கிக்கொண்டே இருந்தாள்.

"எலி இழுத்துட்டுப் போயிருக்குமோ?"

"கடிவாளத்த இழுத்துட்டுப் போற எலியா? அத முதல்ல படையில சேக்கணும்," என்றான் எரிச்சலோடு.

மற்றவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு ஹரோவின் புருஷன், "பின்னாலயே வந்து சேருப்பா!" என்று கத்திவிட்டுக் குதிரையைத் தட்டினான். அன்றைக்குத்தான் ஹரோ ரொட்டி மூட்டையை அவன் கையிலேயே கொடுத்திருந்தாள்.

ஜெய்மல் கயிறு கட்டிப் பார்த்தான், குதிரை அடங்கவில்லை. அடுத்த ஊரில் புதிய கடிவாளம் தைத்து வாங்க இரண்டு நாளாயிற்று. மூன்றாம் நாள் போனான்.

அதன் பிறகு தேசோவுக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. செத்துவிடுவானோ என்று ஒரு பயம். உயிரோடு வந்து கண்டுபிடித்துவிடுவானோ என்று ஒரு பயம். எது பெரியது என்று அவளுக்கே தெரியவில்லை. குதிரின் மூடியைத் திறப்பாள், கையை விடுவாள், கடிவாளம் தட்டுப்பட்டதும் மூடிவிடுவாள்.

பத்தொன்பதாம் நாள் வந்தான். சண்டை நடந்த கித்ரானா குளத்தங்கரையில் முள்ளுச் செடிகள் மேல் துணிகள் அப்படியே விரிந்து கிடந்ததாம். கூடாரம் போலத் தெரிந்து எதிரி ஏமாறட்டும் என்று போட்டவை. நாற்பது பேரும் விழுந்துவிட்டார்கள். குளத்துத் தண்ணீர் கிடைக்காமல் நவாபின் படை திரும்பி ஓடியிருக்கிறது. உயிர் போகும் நேரத்தில் ஒருவன் அந்தத் தாளைக் கிழித்துவிடும்படி கேட்க, குரு கிழித்துப் போட்டாராம். ஜெய்மல் பார்த்தது அவர்கள் சிதையின் சாம்பலை மட்டும்தான்.

"எல்லார் பேரும் கிழிஞ்சு போச்சு," என்றான். "என் பேரு அதுல இல்லவே இல்ல தேசோ. கிழிக்கக்கூட இல்ல."

அவளால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் கடிவாளத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். ஒட்டியிருந்த கோதுமை மணிகள் தரையில் சிதறின. அவன் அடிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்துவிட்டு, மூன்றாம் நாள் கால்நடையாகக் கிளம்பிப் போய்விட்டான்.

மழை வரும்வரை பார்த்தாள். பிறகு ஒரு ரஜாய்ப் போர்வையையும் ஒரு குடத்தையும் தூக்கிக்கொண்டு அவளும் நடந்தாள். கித்ரானாவில் அவன் குளத்தைத் தூர் வாரிக்கொண்டிருந்தான். தேசோ கூடையை எடுத்து மண் சுமந்தாள். அவன் போ என்று சொல்லவில்லை; அதுவே போதும் என்றிருந்தது.

அங்கேயே குடிசை போட்டார்கள். அந்த நாற்பது பேரின் நினைவுத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் ஜனங்கள் வந்தார்கள். வெயிலில் தண்ணீர் போதாமல் தவித்ததால்தான் பின்னாளில் அந்தத் திருவிழாவை மாக மாதப் பிறப்புக்கு, குளிர் நாளுக்கு மாற்றினார்கள். இவர்கள் காலத்தில் வெயில்தான். வருகிறவர்கள், "நாப்பது பேர்ல உங்க சொந்தக்காரர் யாரும்மா?" என்று கேட்டால் தேசோ குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றுவாள்.

ஒரு வருஷம் ஹரோ வந்தாள். தலை வெளுத்திருந்தது. ஊரார் அவளை வணங்கி வழிவிட்டார்கள். அவள் நேராக வந்து தேசோ பக்கத்தில் உட்கார்ந்தாள். தேசோ தலை நிமிரவில்லை.

"கடிவாளம் எங்க போச்சுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டி," என்றாள் ஹரோ. "எங்க வீட்டுலயும் ஒண்ணு ஆணியில தொங்குச்சு. நான் எடுத்து நீட்டினேன்."

தேசோ அவள் கையைப் பிடித்தாள். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

ஹரோ போன பிறகு, தேசோ முதல் தடவையாகப் புருஷனிடம் கேட்டாள்: "இன்னும் கோவம் இருக்கா?"

"சில நாள் இருக்கு. சில நாள் இல்ல."

"இன்னைக்கு?"

அவன் வரிசையைப் பார்த்தான். "ஜனம் நிக்குது பாரு," என்று காலிக் குடத்தை அவளிடம் நீட்டினான்.